கம்ப்யூட்டர் பட்டென்று அணைகிறதா? சுவரிலிருந்து தேடத் தொடங்குங்கள்



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க இன்றுதான் கடைசி நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பெருமாள் கோயில் ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு இ-சேவை மையம். பரனூர் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு அம்மா, மகளை அழைத்துக்கொண்டு, அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். வருமானச் சான்று, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றியாகிவிட்டது. இனி சமர்ப்பி என்ற பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து டப்! திரை கறுப்பாகிவிட்டது.

"கரண்ட் போயிடுச்சா?" என்று மேலே பார்க்கிறோம். மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் மட்டும்தான் போயிருக்கிறது. மறுபடி ஆன் செய்தால் வருகிறது, பத்து நிமிடத்தில் மறுபடியும் போய்விடுகிறது.

இந்தக் கோளாறு மாவட்டத்தில் எந்த மையத்திலும், எந்த வீட்டிலும் வரக்கூடியது. உடனே "வைரஸ்" என்று சொல்லி விண்டோஸை அழித்துப் புதிதாகப் போடுவார்கள். இரண்டு நாள் ஓடும், பிறகு அதே கதை. ஏனென்றால் பட்டென்று அணைவது பெரும்பாலும் மென்பொருள் கோளாறு அல்ல. மின்சாரம், வெப்பம், தேய்ந்துபோன பாகம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். எது என்று கண்டுபிடிப்பதில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். எப்படி என்று பார்ப்போம்.

முதலில் விண்ணப்பத்தைக் காப்பாற்றுங்கள்

கம்ப்யூட்டரைப் பிறகு பார்க்கலாம். எதிரே உட்கார்ந்திருப்பவரின் வேலைதான் முக்கியம். விண்ணப்ப எண் ஒன்று ஏற்கெனவே கிடைத்திருந்தால், அது சேவையகத்தில் பதிவாகியிருக்கிறது என்று பொருள். வேறு கம்ப்யூட்டரிலோ செல்பேசியிலோ அதே கணக்கில் நுழைந்து, விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று பாருங்கள்.

கட்டணம் செலுத்தும் கட்டத்தில் அணைந்துவிட்டால் அவசரப்பட்டு இரண்டாம் முறை கட்டாதீர்கள். முதலில் வங்கிக் குறுஞ்செய்தியையும், இணையதளத்தில் உள்ள பரிவர்த்தனைப் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் கணக்கிலிருந்து கழிந்து, எதிர்ப்பக்கம் போய்ச் சேராமல் இருந்தால் அது தானாகத் திரும்பி வர வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, யுபிஐ மூலம் கடைக்கோ நிறுவனத்துக்கோ செலுத்தும்போது இப்படி நடந்தால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் பணம் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடும் உண்டு. இதை விண்ணப்பதாரரிடம் எடுத்துச் சொல்லுங்கள், பாதி பதற்றம் குறைந்துவிடும்.

எப்படி அணைந்தது? ஒரு நோட்டில் எழுதுங்கள்

மருத்துவரிடம் போனால் "காய்ச்சல் எப்போது வருகிறது?" என்றுதான் முதலில் கேட்பார். கம்ப்யூட்டருக்கும் அதேதான். ஒவ்வொரு முறை அணையும்போதும் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மணி என்ன, அந்த நேரத்தில் என்ன வேலை ஓடியது, எப்படி அணைந்தது. நாலைந்து முறை எழுதியதும் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும்.

• எந்த அறிவிப்பும் இல்லாமல், விளக்கு உட்பட எல்லாம் ஒரே நொடியில் போனால்: மின்சாரம் வரும் பாதை. அதாவது சுவர்ப் பிளக், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ்.

• ஆன் செய்து சிறிது நேரம் நன்றாக ஓடி, பிறகு அணைந்தால்; உடனே மறுபடி போட்டால் முன்பைவிடச் சீக்கிரம் அணைந்தால்: வெப்பம்.

• நீலத் திரை வந்து, ஏதோ எழுத்துகள் ஓடி, தானாக மறுபடி தொடங்கினால்: ரேம், டிஸ்க் அல்லது டிரைவர் மென்பொருள்.

• முதலில் மெதுவாகி, உறைந்து நின்று, உள்ளே 'டிக் டிக்' சத்தம் கேட்டால்: ஹார்ட் டிஸ்க்.

• வெளியே கரண்ட் கட்டாகும்போது மட்டும் அணைந்தால்: யுபிஎஸ் பேட்டரி.

• பிரிண்ட் கொடுக்கும்போது மட்டும் அணைந்தால்: இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு, கீழே சொல்கிறோம்.

கம்ப்யூட்டரும் தன் பங்குக்கு ஒரு நோட்டு எழுதி வைக்கிறது. விண்டோஸில் 'ஈவென்ட் வியூயர்' என்ற பகுதியைத் திறந்து, 'சிஸ்டம்' பட்டியலைப் பாருங்கள். 'கெர்னல் பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணுடன் சிவப்புக் குறி இருந்தால், முறையாக மூடப்படாமல் கம்ப்யூட்டர் நின்றிருக்கிறது என்று அர்த்தம். 6008 என்ற எண்ணும் அதையேதான் சொல்லும். 41 என்பது நோயின் பெயர் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது வெறும் "விழுந்துவிட்டேன்" என்ற செய்திதான், ஏன் விழுந்தது என்று சொல்லாது. ஆனால் அதன் விவரப் பகுதியில் 'பக்செக் கோடு' என்று ஒரு வரி இருக்கும். அது 0 என்றால் மின்சாரமோ வெப்பமோ இருக்க வாய்ப்பு அதிகம். வேறு எண் இருந்தால் நீலத் திரை வந்து நின்றது என்று புரிந்துகொள்ளலாம்.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. கம்ப்யூட்டரை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப் 2 பொத்தானை அழுத்தி பயாஸ் திரைக்குப் போய், அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் ஓடுவதில்லை. அங்கேயும் அணைந்தால் கோளாறு பாகத்தில்தான், விண்டோஸை அழித்துப் போடுவதால் ஒரு பயனும் இல்லை. இந்த ஒரு சோதனை உங்களுக்கு ஒரு வீண் செலவை மிச்சப்படுத்தும்.

படி 1: சுவர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், யுபிஎஸ்

கேபினெட்டைத் திறக்கும் முன் வெளியே பாருங்கள். பிளக் லூசாக இருக்கிறதா, சாக்கெட்டில் கருகிய தடம் இருக்கிறதா, பவர் கேபிள் கேபினெட்டின் பின்னால் முழுமையாக உள்ளே போயிருக்கிறதா? துடைக்கும்போது கை பட்டுத் தளர்ந்த கேபிளால் ஒரு வாரம் அலைந்தவர்கள் உண்டு.

அடுத்தது யுபிஎஸ். மையங்களிலும் வீடுகளிலும் பரவலாக இருப்பது 600 விஏ யுபிஎஸ். அது ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். உள்ளே இருக்கும் 12 வோல்ட் பேட்டரி இரண்டு, மூன்று ஆண்டுகளில் தேய்ந்துவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். மேலே பச்சை விளக்கு எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. சோதிக்க வேண்டுமா? கம்ப்யூட்டரை முறையாக மூடிவிட்டு, அதைக் கழற்றி, யுபிஎஸ்ஸில் ஒரு பழைய 60 அல்லது 100 வாட் குண்டு பல்பை மாட்டுங்கள். இப்போது சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பல்பு ஓரிரு நிமிடத்தில் போய்விட்டால் பேட்டரியை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

யுபிஎஸ்ஸைத் தற்காலிகமாக விலக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவர் சாக்கெட்டில் மாட்டி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் குற்றவாளி யுபிஎஸ்தான். கோடை இடி, வடகிழக்குப் பருவமழை நாட்களில் மட்டும் இந்தச் சோதனை வேண்டாம்.

பிரிண்ட் கொடுத்தால் ஏன் அணைகிறது?

லேசர் பிரிண்டருக்குள் ஒரு சூடாக்கும் உருளை இருக்கிறது. காகிதத்தில் தூளை உருக்கி ஒட்டவைப்பது அதுதான். பிரிண்ட் தொடங்கும் சில நொடிகளில் அது பல நூறு வாட் மின்சாரத்தை ஒரே இழுப்பில் இழுக்கும். பிரிண்டரும் கம்ப்யூட்டரும் ஒரே சிறிய யுபிஎஸ்ஸில் இருந்தால், சுமை தாங்காமல் யுபிஎஸ் கையை விரித்துவிடும். உடனே கம்ப்யூட்டர் அணையும். "சான்றிதழ் பிரிண்ட் கொடுத்தாலே போயிடுது சார்" என்று சொல்பவர்களின் மையத்தில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தீர்வுக்கு ஒரு பைசா செலவில்லை. லேசர் பிரிண்டரையும் ஜெராக்ஸ் இயந்திரத்தையும் யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றி, தனிச் சுவர் சாக்கெட்டில் மாட்டுங்கள். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், இணைய மோடம் மட்டும் இருக்கட்டும். இங்க்ஜெட் பிரிண்டர் அவ்வளவு இழுக்காது, ஆனாலும் அதையும் வெளியே வைப்பதே நல்லது.

வோல்டேஜ், எர்த்

நமக்கு வர வேண்டியது 230 வோல்ட். தெருவில் மோட்டார், ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும் மாலை நேரத்தில் இது வெகுவாக இறங்கினால், யுபிஎஸ் அடிக்கடி பேட்டரிக்குத் தாவும். 'டக், டக்' என்று சத்தம் கேட்கும். பேட்டரி நாள் முழுக்க உழைத்துச் சீக்கிரம் செத்துப்போகும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, காலை, மதியம், மாலை என மூன்று நேரம் அளக்கச் சொல்லுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் அளக்கச் சொல்லுங்கள். அங்கே ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கேபினெட்டைத் தொட்டால் சுருக்கென்று அடிப்பதும் அதன் அடையாளம்தான். இது கம்ப்யூட்டருக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது. தள்ளிப் போடாதீர்கள்.

தெருவுக்கே வோல்டேஜ் குறைவாக இருந்தால், மின்வாரியத்தின் மின்னகம் சேவை மையத்தை 94987 94987 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். மின் இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள், புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வெப்பமும் தூசியும்

சிங்கப்பெருமாள் கோயில் சந்திப்பைக் கடந்து ஒரகடம் பக்கம் போகும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். சாலையோரக் கடைகளில் காலையில் துடைத்த மேசையில் மதியம் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசி மேசையோடு நிற்பதில்லை. கேபினெட் ஃபேன் அதை உள்ளே இழுத்து, பிராசஸர் மேல் இருக்கும் அலுமினிய இடுக்குகளில் கம்பளி போல் அடைத்துவிடுகிறது.

பிராசஸர் தன் வெப்பத்தைத் தானே அளந்துகொண்டே இருக்கும். 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேல் போனால் கருகிவிடாமல் இருக்க மின்சாரத்தை ஒரேயடியாகத் துண்டித்துவிடும். அதாவது, அந்த 'டப்' ஒரு பாதுகாப்பு நடவடிக்கை. அக்னி நட்சத்திரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, சுவரோடு ஒட்டி வைத்த கேபினெட்டுக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பயாஸ் திரையில் வெப்ப அளவு காட்டும் பகுதி இருக்கும். அங்கே சும்மா இருக்கும்போதே 70, 80 என்று ஏறிக்கொண்டே போனால் வெப்பம்தான் காரணம். செய்ய வேண்டியவை:

1. கம்ப்யூட்டரை மூடி, பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி விடுங்கள். மிச்ச மின்சாரம் வெளியேறும்.

2. பக்கவாட்டு மூடியைத் திறந்து, வெளியே எடுத்துப் போய் பிளோயரால் ஊதுங்கள். ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், காற்றில் தாறுமாறாகச் சுற்றினால் கெட்டுவிடும். ஈரத்துணி வேண்டவே வேண்டாம்.

3. ஆன் செய்து ஃபேன்கள் எல்லாம் சுற்றுகின்றனவா என்று பாருங்கள். கரகரவென்று சத்தம் போடும் ஃபேனை மாற்றிவிடுங்கள்.

4. பல ஆண்டு பழைய இயந்திரம் என்றால், பிராசஸருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் இடையே உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். பழசைத் துடைத்து, பட்டாணி அளவு புதியதை வைக்கச் சொல்லுங்கள்.

5. கேபினெட்டைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி, தரையிலிருந்து சற்று உயர்த்தி வையுங்கள்.

படி 3: எஸ்எம்பிஎஸ்

சுவர் மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி இது. தேய்ந்துவிட்டால், வேலை குறைவாக இருக்கும்போது தாக்குப்பிடிக்கும், சுமை ஏறியதும் படுத்துவிடும். கருகிய வாடை, ஃபேன் சுற்றாமல் பெட்டி கொதிப்பது, பவர் பொத்தானைப் பலமுறை அழுத்தினால்தான் ஆன் ஆவது ஆகியவை அறிகுறிகள். டெக்னீஷியன் மல்டிமீட்டரில் அளக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள். மஞ்சள் கம்பியில் 11.4 முதல் 12.6 வரையும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்க வேண்டும். அதற்கு வெளியே போனால் மாற்ற வேண்டியதுதான்.

ஒரு எச்சரிக்கை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை நீங்கள் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். பல்லியோ எறும்போ உள்ளே போய் ஷார்ட் ஆகியிருந்தாலும் அதைச் சுத்தம் செய்வது உங்கள் வேலை அல்ல. மாற்றும்போது விலை மலிவு என்று எடை குறைந்த பெட்டியை வாங்காதீர்கள், பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

படி 4: மதர்போர்டில் உப்பிய கெப்பாசிட்டர்

மூடியைத் திறந்திருக்கும்போதே டார்ச் அடித்து மதர்போர்டைப் பாருங்கள். சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ கதை முடிந்தது என்று அர்த்தம்.

இது உலகையே ஒருமுறை ஆட்டிவைத்த கோளாறு. 2000-களின் தொடக்கத்தில், தரமற்ற திரவம் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் போய்ச் சேர்ந்தன. ஓரிரு ஆண்டு ஓடிய பிறகு அவை உப்பி, வெடித்து, கம்ப்யூட்டர்கள் காரணமில்லாமல் அணைய ஆரம்பித்தன. 2005-இல் டெல் நிறுவனம் மட்டுமே பழுதான கம்ப்யூட்டர்களைச் சரிசெய்ய 30 கோடி டாலர் ஒதுக்க நேர்ந்தது. பயன்படுத்தியவர்கள் பலர் தாங்கள்தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்தார்கள்.

அண்மையிலும் ஒன்று நடந்தது. இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர்கள் சில, தேவைக்கு அதிகமான வோல்டேஜ் கேட்டு வாங்கித் தம்மையே சேதப்படுத்திக்கொண்டதை 2024-இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. அதைத் தடுக்க புதிய பயாஸ் வெளியிட்டு, வாரண்டியை 2 ஆண்டுகள் நீட்டித்தது. உங்களிடம் அந்த வகை இருந்தால் பில்லைத் தேடி எடுங்கள். ஆனால், பட்டென்று அணையும் கோளாறு யுபிஎஸ்ஸில் இல்லை என்று உறுதியான பிறகே பயாஸைப் புதுப்பியுங்கள். புதுப்பிக்கும் நடுவில் மின்சாரம் போனால் மதர்போர்டே வேலை செய்யாமல் போகலாம்.

படி 5: ரேமும் உப்புக் காற்றும்

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் எதிரி உண்டு, அது கடற்காற்று. காற்றில் இருக்கும் உப்பும் ஈரமும் உலோக முனைகளில் படிந்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துவிடும். ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

பிளக்கைக் கழற்றி, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு, ரேம் பட்டையை மெதுவாகக் கழற்றுங்கள். தங்க நிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் சாதாரண ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'கிளிக்' என்ற சத்தம் வரும்வரை மறுபடி பொருத்துங்கள். இரண்டு பட்டை இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள், மற்றதை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். எதைப் போட்டால் நீலத் திரை வருகிறதோ அது கெட்டது. விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' என்ற சோதனையும் இருக்கிறது, இரவில் ஓட விடலாம்.

கூடவே ஒரு குறிப்பு. மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர் 2032 பேட்டரி தீர்ந்தால் கம்ப்யூட்டர் அணையாது. ஆனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பின்னால் போய்விடும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். "சைட் டவுன்" என்று விண்ணப்பதாரரைத் திருப்பி அனுப்பும் முன், திரையின் மூலையில் இருக்கும் தேதியை ஒருமுறை பாருங்கள்!

படி 6: ஹார்ட் டிஸ்க்

'டிக் டிக்' சத்தம் கேட்டால் வேறு எந்தச் சோதனையும் வேண்டாம். முதலில் கோப்புகளை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். சாகக் கிடக்கும் டிஸ்க்கில் பழுது பார்க்கும் மென்பொருளை மணிக்கணக்கில் ஓட்டினால் இருக்கிற கொஞ்ச உயிரும் போய்விடும். நகல் எடுத்த பிறகு, 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். நீலம் நல்லது, மஞ்சள் என்றால் மாற்றத் தயாராகுங்கள், சிவப்பு என்றால் இன்றே மாற்றுங்கள்.

வீட்டில் இருக்கும் விலையில்லா மடிக்கணினி

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகள் இன்றும் பல வீடுகளில் உழைக்கின்றன. அக்கா படித்தது, இப்போது தம்பி கையில். அவை அணைவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். 40 விழுக்காடு சார்ஜ் காட்டிக்கொண்டே பட்டென்று போகும். கழற்றக்கூடிய பேட்டரி என்றால், அதைக் கழற்றிவிட்டு அடாப்டரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அணையவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது.

அக்கணினிகளில் பலவற்றில் விண்டோஸோடு, சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. அது இன்னும் இருந்தால் அதில் ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் அணைந்தால் பாகக் கோளாறு. லினக்ஸில் அணையாமல் விண்டோஸில் மட்டும் அணைந்தால் மென்பொருளைச் சந்தேகிக்கலாம்.

மடிக்கணினி மேசையில் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? டச்பேடு மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறதா? பேட்டரி உப்பியிருக்கிறது. உடனே சார்ஜ் செய்வதை நிறுத்துங்கள். குத்தவோ, அழுத்தவோ, அடுப்பருகே வைக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, சர்வீஸ் மையத்தில் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குக் கொடுக்கும் முன்

இ-சேவை மையக் கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கானவர்களின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தக நகல்கள் இருக்கும். அவர்கள் உங்களை நம்பிக் கொடுத்தவை அவை. எஸ்எம்பிஎஸ் மாற்ற டிஸ்க் தேவையில்லை, எனவே அதைக் கழற்றி வைத்துக்கொண்டு கேபினெட்டை மட்டும் கொடுங்கள். வேலை முடிந்த ஸ்கேன் கோப்புகளை அன்றன்றே அழிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் நோட்டை டெக்னீஷியனிடம் காட்டுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திரும்பக் கேளுங்கள், பில்லும் வாரண்டியும் எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுத்துப் பெற்ற பழுதுநீக்கமும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் கீழ் ஒரு சேவைதான். சரியாகச் செய்யாமல் அலைக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தீரவில்லை என்றால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கழித்துக் கட்டிய பாகங்களைக் குப்பையில் போடாதீர்கள், கம்பியை எரித்துச் செம்பு எடுப்பவரிடமும் கொடுக்காதீர்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, அவை பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச் சேர வேண்டும். யுபிஎஸ்ஸின் பழைய பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையும் குறைப்பார்கள்.

மாதம் ஒரு நாள்

மாதத்தின் முதல் ஞாயிறு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். ஃபேன் தூசியை ஊதுவது, யுபிஎஸ்ஸைப் பல்பு வைத்துச் சோதிப்பது, கேபிள்களைச் சரிபார்ப்பது, முக்கியக் கோப்புகளை நகல் எடுப்பது. இந்த நான்கும் போதும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது மின்சாரமில்லாமல் நாட்கணக்கில் தவித்ததை நாம் மறக்கவில்லை. அதுபோன்ற நாட்களில் பிளக்கைக் கழற்றி வைப்பதும், மின்சாரம் திரும்பியதும் சிறிது நேரம் காத்திருந்து ஆன் செய்வதும் பல எஸ்எம்பிஎஸ்களைக் காப்பாற்றும்.

தொடக்கத்தில் சொன்ன அந்த அம்மாவுக்கு எஸ்எம்பிஎஸ் என்றால் என்னவென்று தெரிய வேண்டியதில்லை. தன் மகளின் விண்ணப்பம் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். உங்கள் மையத்தில் பிரிண்டர் எந்த சாக்கெட்டில் மாட்டியிருக்கிறது? இதைப் படித்து முடித்ததும் முதலில் எழுந்து போய் அதைப் பாருங்கள்.